இரும்பு பேசாத இடம்

செலிக்கா. எண்பத்தொன்பதாம் ஆண்டு. கறுத்தச் சிவப்பு.
வவுனியா குருமண்காட்டில்
ஒரு ரயர்க் கடைக்குப் பின்னால்
நஸார் நானா தறப்பாளை இழுத்தபோது
முதலில் வெளியே வந்தது ஒரு பூனை.

"ரெண்டு கதவுதான் தங்கச்சி. வீட்டில யாருக்கு?"
எனக்கு, என்றேன்.
அவர் அமிர்தனைப் பார்த்தார்.
அமிர்தன் பொனற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன்.
உடைந்த ஸ்பீக்கரில் கழற்றிய வட்டக் காந்தம்,
பெயின்ற் சுரண்டாதபடிக்குப் பழைய சொக்ஸ் போட்டது.
முன் மட்கார்ட்டிலிருந்து தொடங்கினேன்,
சாண் சாணாக, இடமிருந்து வலம், முட்டுக்காலில்.
பதினொரு வருடமாய் எனக்குச் சம்பளம் தரும் நடை.

முகமாலையில்
இரும்பு பேசினால் நான் நிற்க வேண்டும்.
இங்கே, பேசாவிட்டால்.

இடப்பக்கப் பின் சில்லுக்கு மேலே
காந்தம் பிடிவிட்டு வழுகியது.
"இதுக்குள்ள புட்டி."
"ஒரு சின்ன அடி," என்றார் நானா.
விரலால் தட்டித் தட்டி ஓரம் கண்டேன்,
சோத்துக் கோப்பை அளவு.
சோக்கால் சுற்றிக் கோடு போட்டேன்.
சிரித்தார்கள். பழக்கம்.

புத்தகத்தில் ஏழு பெயர்கள்.
கண்டி, கண்டி, குருநாகல், நுவரெலியா.
இரண்டாயிரத்தெட்டிலிருந்து பத்து வரைக்கும்
மலையில் யாரோ ஒரு டொக்டரின் கராஜில் நின்றிருக்கிறது.
அந்தப் பக்கத்தைக் கெதியாய்ப் புரட்டினேன்.
காருக்கு என்ன தெரியும்.

கண்ணாடி மூலையில் ஒரு ஜப்பான் ஸ்டிக்கர்.
ஒயில் மாற்றிய திகதியோ, சாமி பேரோ.
வாசிக்கத் தெரியாததால்
ஏழு பேரும் உரிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

லைற்றைப் போடச் சொன்னேன்.
வலக்கண் நித்திரையால் எழும்புவதுபோல் எழும்பியது.
இடக்கண் முனகியது, அவ்வளவுதான்.
அதற்கு நாற்பதாயிரம் குறைத்தார். புட்டிக்கு அறுபது.
மிச்சத்துக்கு இரண்டு சீட்டு, என் சங்கிலி,
அமிர்தனிடம் வாங்கிய, அம்மாவுக்குச் சொல்லாத ஒரு தொகை.
"வான் எடுத்திருந்தா பள்ளிக்கூடப் பிள்ளையள ஏத்தலாம்" என்பா.
உண்மைதான். ஏத்தலாம்.

ஓமந்தை தாண்ட இருட்டிவிட்டது.
புளியங்குளத்தில் மூன்றாவது கியர் பல்லைக் கடித்தது.
கனகராயன்குளத்தில் நாலாவது, வெண்ணெய்.
வேலையில் ஒரு நாளைக்கு
ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம் முடித்தால் நல்ல நாள்.
அஞ்சாவது கியரில்
எத்தனை ஆயிரம் பாய் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கி
விட்டுவிட்டேன்.
ஜன்னல் இறங்கியிருந்தது. வாய்க்குள் பூச்சி.

மாங்குளத்தில் பொலிஸ் மறித்தது.
"கார் யாருது?"
"என்ர."
"ஐயாவுது?"
"என்ர."
ரோச்சால் இடக்கண்ணைத் தட்டினான்.
சுற்றி நடந்து சோக் வட்டத்தில் நின்றான். இது என்ன?
புட்டி, என்றேன்.
தன் தம்பியிடம் ஒரு லான்சர் இருக்குதாம்,
முழுக்க அதுதானாம்.
போ, என்று கை காட்டினான்.

முறிகண்டியில் அமிர்தன் தேங்காய் உடைத்தான்.
பிறகு கச்சான் கோதை சீற்றுக்கு அடியில் போட்டான்.
இந்தக் காருக்குள் முதல் சண்டை.

உதயநகர் ஒழுங்கை, முதல் பள்ளம்.
அடியில் ஒரு சத்தம்.
கால் பிறேக்கில். பிறகு கதவு. பிறகு முட்டுக்கால் மண்ணில்.
எதையும் நான் யோசிக்கவில்லை.
அமிர்தன் இறங்கப் பார்த்தான்.
"அசையாத" என்றேன், வேலையிடத்துக் குரலில்.
அவன் அசையவில்லை.
ரோச் வெளிச்சத்தில்
ஒரு பனங்கொட்டை, நசிந்து, நார் விரிந்து.
கனநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

மாரி தொடங்கினால் இந்த ஒழுங்கைக்குள் வராது.
சந்தி அரிசி ஆலையில் விட இடம் கேட்டிருக்கிறேன்.
மற்றக் கண்ணுக்கு மோட்டர்
பஞ்சிகாவத்தையில் கிடக்காம்.
சம்பளம் இருபத்தஞ்சாம் திகதி.
அதுவரை பகலில் மட்டும்.